பெரிய ஃபோர் பை ஃபோருக்கு ஸ்நோ செயின்: எதை வாங்குவது, எந்தச் சக்கரத்தில் மாட்டுவது?

மஞ்சூர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில் மஞ்சூரிலிருந்து வண்டியிலேயே மணாலி போய், அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸு, கேலாங் வரை போகலாம் என்று இருக்கிறோம். நானும் மச்சானும் மாறி மாறி ஓட்டுவோம், கூட இரண்டு குடும்பம். வண்டி ஏணிச் சட்டத்தில் ஏறிய பெரிய ஏழு சீட்டு டீசல், பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர் (தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரமும் இழுக்கும்), ஆட்டோமேட்டிக். டயர் 265/60 ஆர்18, ஏ.டி. (ஆல் டெரெய்ன்) வகை, பாதி தேய்ந்திருக்கிறது.

கெத்தை ரோட்டிலும் முள்ளி ரோட்டிலும் மழை, மூடுபனி, மண்சரிவு எல்லாம் பார்த்து ஓட்டிப் பழக்கம். பனியில் ஓட்டியதில்லை. பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டுகிற செயினை வாங்கிக்கொண்டு போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? இரண்டு சக்கரத்துக்குப் போதுமா, நாலுக்கும் வேண்டுமா? ஆன்லைனில் பார்த்தால் பிளாஸ்டிக், துணி, கேபிள், இரும்பு என்று தலை சுற்றுகிறது. பழக்கம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

தார் கோத்தகிரி எழுதியது:

அண்ணா, ஃபோர் பை ஃபோர், ஏ.டி. டயர் இரண்டும் இருக்கிறதே, அப்புறம் எதற்கு செயின்? பனி விழுந்த நாளில் மணாலியில் போலீஸ் ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மேலே விடுகிறார்கள் என்றுதான் செய்தியில் எல்லாம் வருகிறது. 4எச் (நாலு சக்கர இழுவை, சாதாரண கியர்) போட்டு மெதுவாகப் போனால் போதும் என்பது என் எண்ணம்.

வெலிங்டன் பழைய டிரைவர் எழுதியது:

தம்பி, போலீஸ் விடுகிறார்கள் என்பது வேறு, வண்டி நிற்கும் என்பது வேறு. ராணுவத்தில் லே பக்கம் லாரி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாலு சக்கரமும் இழுப்பதால் வண்டி கிளம்பும், ஏறும். சாதாரண கார் உருளாத இடத்தில் உங்கள் வண்டி ஜம்மென்று ஏறிவிடும். ஆபத்தே அங்கேதான் ஆரம்பம். பிரேக் மிதிக்கும்போது எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக். அதில் உங்களுக்கு ஒரு கூடுதல் வசதியும் கிடையாது. ஏறும்போது வண்டி திணறினால் ஓட்டுகிறவனுக்குத் தரை வழுக்குகிறது என்று புரியும். ஃபோர் பை ஃபோர் திணறாது. மேலே போய்த் திரும்பி இறங்கும்போது முதல் வளைவில்தான் தெரியும்.

வண்டி கனம், அதனால் தரையைப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. கனம் கூடினால் பிடிமானம் கூடும், உண்மைதான். ஆனால் நிறுத்த வேண்டிய பாரமும் அதே அளவு கூடுகிறது. சரிக்குச் சரி ஆகிவிடும். 2 டன்னுக்கு மேல் உள்ள வண்டி வழுக்கினால் எதிரில் இருப்பவருக்குத்தான் கூடுதல் சேதம்.

எனவே மஞ்சூர் சார், செயின் வாங்குங்கள். ஏறுவதற்கு அல்ல, இறங்கவும் நிற்கவும் திரும்பவும்.

பூம்பாறை எழுதியது:

கொடைக்கானல்காரி நான், இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். குளிர்காலத்தில் டானர் பாஸ் என்ற மலைக் கணவாய் வழியாக டாஹோ ஏரிக்குப் போகிற ரோட்டில் பெரிய எஸ்யூவிதான் ஓட்டுகிறேன். வெலிங்டன் அண்ணா சொன்னதை இங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்கிறேன்.

பனி நாளில் மூன்று நிலை அறிவிப்பார்கள். ஆர்1, ஆர்2, ஆர்3. ஆர்2 என்றால் நாலு சக்கரத்திலும் பனி டயர் போட்ட ஃபோர் வீல் டிரைவுக்கு மட்டும் செயின் மாட்டுவதிலிருந்து விலக்கு. அப்போதும் செயின் வண்டிக்குள் இருந்தே ஆக வேண்டும், சோதனைச் சாவடியில் கேட்பார்கள். ஆர்3 என்றால் எந்த வண்டிக்கும் விலக்கு இல்லை. அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலும் ரோட்டை மூடிவிடுவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. காய்ந்த தாரில் பிடிமானக் கெழு 0.7 என்று வையுங்கள். அழுந்திய பனியில் 0.2 பக்கம். வழுவழு ஐஸில் 0.1. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் சமதரையில் தாரில் 9 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் 31 மீட்டர். ஐஸில் 63 மீட்டர். அதுவே 10-க்கு 1 சரிவாக இறங்கும் ரோடு என்றால் ஐஸில் வண்டி நிற்கவே நிற்காது. புவியீர்ப்பு இழுப்பதும் டயர் பிடிப்பதும் ஒன்றாகிவிடும், மிதித்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். மஞ்சூர் அண்ணா, கெத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை நினைத்துக்கொண்டு இந்த எண்களை ஒருமுறை படியுங்கள்.

ஏ.டி. டயரைப் பற்றியும் ஒன்று. பக்கவாட்டில் எம்+எஸ் என்று மட்டும் இருந்தால் அது சேற்றுக்கும் லேசான பனிக்கும் ஏற்ற பட்டன் (டயர் முகத்தில் உள்ள ரப்பர் கட்டைகள்) வடிவம் என்பதோடு சரி. மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள், இந்தக் குறி இருந்தால்தான் பனியில் சோதித்த டயர். சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக இறுகும். இறுகிய ரப்பர் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பனியைக் கவ்வாது.

லவ்டேல் எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, அவலாஞ்சி, காந்தல் பக்கம் உறைபனி விழுகிறதே, காலை ஆறு மணிக்கு காய்கறி ஏற்றப் போகிற ஜீப்புக்கு இந்தச் செயின் உதவுமா?

குன்னூர் பட்டறை எழுதியது:

லவ்டேல் நண்பரே, வேண்டாம். நம்மூரில் விழுவது புல்லின் மேலும் கார் கண்ணாடியிலும் படிகிற உறைபனி. தார் மேல் செயினுக்கு அடியில் அழுந்த எதுவும் இல்லை. வெறும் தாரில் செயின் ஓட்டினால் செயினும் தேயும், ரோடும் கெடும், பிரேக் பிடிக்கிற தூரமும் கூடும். மரநிழல் வளைவில் ஈரம் உறைந்திருக்கிறதா என்று பார்த்து, கியரில் இறங்குங்கள், போதும்.

இப்போது மஞ்சூர் சாருக்கு. எதை வாங்குவது என்பதில்தான் பலர் காசை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு. "ஆர்18 செயின் கொடுங்கள்" என்று கேட்டு வாங்காதீர்கள். செயின் சுற்றி உட்காருவது டயரின் மேல், ரிம்மில் அல்ல. உங்கள் 265/60 ஆர்18-ன் வெளி விட்டம் ஏறக்குறைய 775 மி.மீ. தார் தம்பியின் வண்டியில் 255/65 ஆர்18 இருந்தால் அது 789 மி.மீ. இரண்டும் 18 இன்ச் ரிம்தான், சுற்றளவில் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம். அதே சமயம் 265/65 ஆர்17 டயரை எடுத்துக்கொண்டால் 776 மி.மீ., ரிம் வேறாக இருந்தும் உங்கள் டயரோடு கிட்டத்தட்ட ஒன்று. எனவே டயர் பக்கவாட்டில் உள்ள மூன்று எண்களையும் எழுதிக்கொண்டு, அந்த மூன்றும் செயின் பெட்டியின் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து அளவு "சமாளிக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள்.

பாதி தேய்ந்த டயர் என்றீர்கள். பட்டன் 5 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 3 செ.மீ. குறையும். புது டயருக்குச் சரியாக உட்காரும் செயின் உங்களுக்குத் தொளதொளவென்று இருக்கலாம். இறுக்கும் ராட்செட் (இழுத்தால் பின்னால் நழுவாமல் பூட்டிக்கொள்வது) அல்லது ரப்பர் இழுப்பான் உள்ள வகையாக வாங்கினால் இந்த மூன்று செ.மீ.யை அது எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது வடிவம். ஏணி மாதிரி குறுக்குக் கம்பிகள் மட்டும் உள்ள செயின் விலை குறைவு, மாட்டுவதும் எளிது. இழுவைக்கு நல்லது. ஆனால் இரண்டு குறுக்குச் செயினுக்கு நடுவில் வெறும் ரப்பர் தரையைத் தொடுகிற நேரம் உண்டு, பக்கவாட்டில் வழுக்கும்போது பிடிப்பும் குறைவு. சாய்சதுரக் கட்டமாகப் பின்னிய செயின் எந்த நேரமும் தரையில் கொஞ்சம் இரும்பை வைத்திருக்கும், வளைவில் பக்கவாட்டுப் பிடிமானம் தரும். மலைப்பாதைக்கு அதுதான்.

துணி உறை மெல்லிய பனியில் கார்களுக்குச் சரி. 2 டன் வண்டியை வைத்து, பாதி பனி பாதி கருங்கல் ஜல்லி என்று இருக்கிற ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் கிழியும். நைலான் ஜிப் டை வகையைச் சிக்கிய வண்டியைக் கிளப்ப மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி இறங்கக் கூடாது.

தரச் சான்று பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்திரியாவின் ஓ-நார்ம் வி5121 என்ற எண்ணைப் பாருங்கள். அது எஸ்யூவி, வேன், சின்ன லாரி வகைக்கு. வி5117 கார்களுக்கு. ஐரோப்பாவின் புதுச் சான்று இஎன் 16662-1. எந்த எண்ணும் இல்லாமல் "ஹெவி டியூட்டி" என்று மட்டும் அச்சடித்த பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

மூன்றாவது, யாரும் பார்க்காத விஷயம். உள்பக்க இடைவெளி. முன்சக்கரத்தைக் கடைசி வரை திருப்பி வைத்து, டயரின் உள்பக்கச் சுவருக்கும் அதை ஒட்டிய இரும்புக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். சஸ்பென்ஷனின் மேல் ஆர்மில் உள்ள பால் ஜாயின்ட், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் ஒயர் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. தனிச் சஸ்பென்ஷன் உள்ள பெரிய வண்டிகள் பலவற்றில் டயரின் தோள் அந்த ஆர்மை ஒட்டியே சுற்றும். அங்கே 16 மி.மீ. கன செயின் போனால் ஹோஸை அறுத்துவிடும். 9 மி.மீ., 12 மி.மீ. என்று வருகிற எண் செயின் உள்பக்கமாக எவ்வளவு துருத்தும் என்பதைச் சொல்வது. பெரிய டயர் மாற்றியவர்கள், சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்டவர்கள் இதை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

மானுவலில் எந்தச் சக்கரம் என்று போட்டிருக்கும். எடுத்துப் பார்த்து எழுதுங்கள்.

மஞ்சூர்வாசி எழுதியது:

மிக்க நன்றி சார். மானுவல் எடுத்துப் பார்த்தேன். பின்சக்கரத்தில் மட்டும் மாட்டு, முன்சக்கரத்தில் மாட்டாதே என்று தெளிவாக இருக்கிறது. விரல் விட்டும் பார்த்தேன். முன்னால் முழுக்கத் திருப்பினால் சுண்டு விரலே இறுக்கமாகத்தான் போகிறது.

ஆனால் வெலிங்டன் ஐயா திரும்புவதற்கும் நிற்பதற்கும் செயின் என்றார். திருப்புவது முன்சக்கரம். பிரேக்கில் பாரம் போவதும் முன்னாலேதான். பின்னால் மட்டும் மாட்டினால் அது எப்படி?

பூம்பாறை எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. இங்கேயும் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடக்கும். என் கருத்தைச் சொல்கிறேன்.

நாலிலும் மாட்டுவது எப்போதும் முதலிடம். அதற்கு வண்டி இடம் கொடுக்காவிட்டால் இரண்டில் எது என்ற கேள்வி வரும். முன்னால் மட்டும் மாட்டினால் திருப்புவதும் நிற்பதும் முன்னால் நன்றாக இருக்கும், ஆனால் இறக்கத்தில் பிரேக் மிதித்ததும் முன்பக்கம் நின்று, பிடிப்பில்லாத பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னே வரும். பின்னால் மட்டும் மாட்டினால் வண்டி சுற்றாது, ஆனால் ஸ்டீயரிங் திருப்பியும் மூக்கு நேராகவே போக நினைக்கும். இரண்டும் கெட்டதுதான். ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், வண்டி செய்தவர்கள் இடைவெளியை அளந்து சொன்னதைத் தாண்டிப் போகாதீர்கள். பிரேக் ஹோஸ் அறுந்த வண்டிக்கு எந்தச் செயினும் உதவாது.

குன்னூர் பட்டறை எழுதியது:

பூம்பாறை அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இது பார்ட் டைம் வண்டிக்கு மட்டும் பொருந்தும்.

4எச் அல்லது 4எல் (தாழ்ந்த கியர்) போட்டதும், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் இரும்போடு இரும்பாகப் பூட்டிக்கொள்ளும். முன் அச்சின் சராசரி வேகமும் பின் அச்சின் சராசரி வேகமும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பின்னால் செயின் கவ்விக்கொண்டு மெதுவாக உருளும்போது, முன் அச்சு மட்டும் தனியாக முழுக்க லாக் ஆகி வழுக்குவது கடினம். பின் செயினின் பிடிப்பு ஷாஃப்ட் வழியாக முன்னாலும் ஓரளவு வருகிறது. நேர் இறக்கத்தில் இது பெரிய உதவி. வளைவில் பக்கவாட்டுப் பிடிப்பு தருமா என்றால் தராது. அதற்கு முன் டயர் ரப்பரையும் உங்கள் வேகத்தையும்தான் நம்ப வேண்டும்.

எனவே மஞ்சூர் சார், என் ஆலோசனை இது. பின்னால் நல்ல சாய்சதுரச் செயின். நாலு சக்கரத்துக்கும் அந்த மலை, பனித்துகள் குறி உள்ள டயர் கிடைத்தால், எப்படியும் டயர் பாதி தேய்ந்துவிட்டது, இப்போதே மாற்றிவிடுங்கள். மாற்றினால் அதே 265/60 ஆர்18. இறக்கத்தில் 4எல், முதல் கியரில் பிடித்து வைத்து, கால் பிரேக்கில் இருந்து எடுத்த மாதிரியே. வளைவுக்கு வருவதற்கு முன்பே நடைவேகம். வளைவுக்குள் வந்து பிரேக் தொடாதீர்கள்.

தார் தெரிந்ததும் 4எச்-ஐயும் எடுத்துவிட வேண்டும். காய்ந்த ரோட்டில் பூட்டிய நிலையில் திருப்பினால் டிரைவ் லைன் (ஷாஃப்ட்டும் அச்சும்) முறுக்கிக்கொள்ளும். செயின் மாட்டிய பின்சக்கரத்தின் சுற்றளவு வேறு கொஞ்சம் கூடியிருக்கும், முறுக்கு இன்னும் அதிகம். பனி மேல் அந்த முறுக்கு வழுக்கிக் கரைந்துவிடும், தாரில் கரையாது.

தார் கோத்தகிரி எழுதியது:

விளங்கியது சார். என் வண்டிக்கும் ஒரு ஜோடி பார்க்கிறேன். வாடகைச் செயின் பற்றி யாரும் சொல்லவில்லையே? குல்மர்க் போகும்போது தன்மர்க்கில் வாடகைக்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன்.

வெலிங்டன் பழைய டிரைவர் எழுதியது:

கிடைக்கும். தன்மர்க்கிலிருந்து குல்மர்க் 13 கி.மீ. ஏற்றம், பனி நாளில் செயின் இல்லாமல் விட மாட்டார்கள். மணாலிப் பக்கமும் கிடைக்கும். அங்கே ஓடுகிற சின்னக் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் ஏற்ற அளவுதான் அதிகம். 265/60 ஆர்18-க்கு நீளம் போதாமல் கயிறு வைத்து இழுத்துக் கட்டிக் கொடுப்பார்கள். உள்பக்கம் அந்தக் கயிறு அவிழ்ந்தால் செயின் அச்சில் போய்ச் சுற்றும். உங்கள் டயர் அளவுக்குப் பெட்டியோடு கிடைத்தால் எடுங்கள், கயிறு கட்டினால் வேண்டாம்.

எஸ்டேட் ஜீப் எழுதியது:

கொலக்கம்பை பக்கம் தேயிலை எஸ்டேட்டில் ஜீப் பார்த்துக்கொள்பவன். மழைக்காலத்தில் சேற்று ரோட்டுக்கு நாங்கள் செயின் மாட்டுவது உண்டு, அதனால் பேசலாம் என்று வந்தேன்.

சேறும் பனியும் ஒன்றல்ல. ஆனால் மாட்டுகிற கைவேலை ஒன்றுதான். மஞ்சூர் அண்ணா, மணாலியில் போய் முதன்முதலாகப் பெட்டியைப் பிரிக்காதீர்கள். வீட்டு முற்றத்தில் மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். பகலில் ஒரு முறை, அப்புறம் இரவில் நெற்றி விளக்கு வைத்து, கையுறை போட்டு ஒரு முறை. அங்கே உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

தெரிந்தவர் எஸ்டேட்டில் கேட்டுக்கொண்டு, ஈரமண் வண்டிப்பாதையில் நூறு மீட்டர் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். முற்றத்தில் கல்லு மாதிரி இறுக்கிய செயின் நூறு மீட்டரில் எவ்வளவு தொளதொளத்துப் போகிறது என்று கண்ணால் பார்த்தால், அதற்கு மேல் யாரும் திரும்ப இறுக்கச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். பழக அவலாஞ்சி, அப்பர் பவானி புல்வெளிக்கு யாரும் போகாதீர்கள். அது காப்புக்காடு. அந்தப் புல்தரையில் செயின் ஏறினால் வேரோடு பிய்த்துப் போட்டுவிடும், ஆறுவதற்கு வருஷங்கள் ஆகும். இந்த மலையில் அது கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது.

வெலிங்டன் பழைய டிரைவர் எழுதியது:

எஸ்டேட் தம்பி சரியாகச் சொன்னார். மாட்டுகிற முறையை எழுதிவிடுகிறேன். டயரின் உள்பக்கம் வளையமாகக் கேபிள் வருகிற சாய்சதுரச் செயினை வைத்துச் சொல்கிறேன், பெரும்பாலும் இதுதான் கடையில் கிடைக்கும்.

எங்கே மாட்டுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வண்டி வழுக்க ஆரம்பித்த இடத்தில் அல்ல. பனி தொடங்குவதற்கு முன், சமதளமாக, வளைவு இல்லாமல், பின்னால் வருகிறவர் தூரத்திலிருந்தே பார்க்கிற இடம். ஹசார்ட் விளக்கு, ஹேண்ட் பிரேக், கியரில் பார்க், மாட்டாத சக்கரத்துக்கு அடியில் கட்டை. பிள்ளைகளை வண்டியை விட்டு இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

செயினைத் தரையில் விரித்துப் போட்டு ஒவ்வொரு கண்ணியாக முறுக்கு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரு கண்ணி முறுக்கியிருந்தாலும் மாட்டி முடித்த பிறகு சரி செய்ய முடியாது, கழற்றித்தான் ஆக வேண்டும். கொக்கிகளின் திறந்த வாய் வெளியே பார்த்து இருக்க வேண்டும். உள்ளே பார்த்தால் டயரின் சுவரைக் குத்தும்.

கேபிளை அவிழ்த்துத் தரையோடு டயருக்குப் பின்னால் தள்ளுங்கள். இரண்டு முனைகளையும் டயருக்கு மேலே தூக்கிக் கேபிளைப் பூட்டுங்கள். பூட்டிய கேபிளை டயருக்குப் பின்னால் முழுக்கத் தள்ளிவிட வேண்டும், மேலே தோளில் மாட்டிக்கொண்டு நின்றால் சுற்றும்போது அறுந்துவிடும். அப்புறம் செயினை டயர் முகத்தின் மேல் இழுத்துப் பரப்பி, வெளிப்பக்கக் கொக்கியை மாட்டுங்கள். கீழே டயர் தரையில் அழுந்துகிற இடத்தில் செயின் போகாமல் நிற்கும். கவலை வேண்டாம். இறுக்கும் செயினை ராட்செட் வழியாகக் கையால் முடிந்த வரை இழுத்து, மிச்ச நுனியை அடுத்த கண்ணியில் கொக்கி போட்டு வையுங்கள். நுனி தொங்கக் கூடாது.

இப்போது வண்டியை அரைச் சுற்று முன்னே நகர்த்துங்கள். கீழே இருந்த பகுதி மேலே வரும். திரும்ப இழுங்கள். அப்புறம் ஐம்பது, நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மூன்றாவது முறை. கடைசியில் செயினுக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாகப் போனால் இன்னும் இறுக்கம் போதவில்லை.

எளிதாக மாட்டுவதற்காகச் சிலர் டயரில் காற்றை இறக்குவார்கள். செய்யாதீர்கள்.

மாட்டியதும் மணிக்கு 50 கி.மீ.தான் உச்சம். அது செயின் தாங்குகிற வேகம், அந்த மலையில் நீங்கள் போக வேண்டிய வேகம் இல்லை. உங்களுக்கு 20, 25 போதும். ஒரே சீராக "கரகர" என்று வருவது சாதாரணம். "டப் டப்" என்று ஃபெண்டரில் அடிக்கிற சத்தம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், கண்ணி ஏதோ அறுந்திருக்கிறது.

பையில் வைக்க வேண்டியவை: மண்டி போட ரப்பர் பாய், ரப்பர் பூசிய கையுறை இரண்டு ஜோடி, பிளையர், உதிரிக் கண்ணிகள், கட்டுக்கம்பி, நெற்றி விளக்கு. கம்பளிக் கையுறை நனைந்தால் விரல் மரத்துவிடும், அதை வைத்து இந்த வேலை ஆகாது. இந்தப் பை சாமான்களுக்கு அடியில் போகக் கூடாது, டிக்கி திறந்ததும் கையில் வர வேண்டும்.

பூம்பாறை எழுதியது:

குளிர் பற்றிச் சுருக்கமாக நான் சேர்க்கிறேன். 5 டிகிரி இறங்கினால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். உயரம் ஏறினால் மீட்டரில் காட்டுவது கூடும். நம்மூரில் நிரப்பியதை நம்பாமல் அங்கே காலையில் வண்டி கிளம்பும் முன் பார்த்துச் சரி செய்யுங்கள். ரேடியேட்டரில் பட்டறையில் தண்ணீர் ஊற்றித் தள்ளியிருந்தால் கூலன்ட் பாதிக்குப் பாதி இருக்கும்படி மாற்றுங்கள், அது மைனஸ் 35 வரை தாங்கும். டெஃப் (டீசல் புகையைச் சுத்தம் செய்யும் யூரியா திரவம்) டேங்க் உள்ள வண்டி என்றால் அந்தத் திரவம் மைனஸ் 11-ல் உறையும், வண்டியில் அதற்கு ஹீட்டர் இருக்கும், காலையில் எச்சரிக்கை விளக்கு வந்தால் பயப்பட வேண்டாம். இரவில் ஹேண்ட் பிரேக் இழுத்து வைக்காமல் பார்க்கில் போட்டுக் கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

குன்னூர் பட்டறை எழுதியது:

டீசலும் முக்கியம். சமவெளியில் அடித்த டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் லடாக்குக்காகக் கொண்டுவந்தது. நீங்கள் போகிற பக்கத்தில் எந்தப் பெட்ரோல் பங்கில் குளிர்கால வகை கிடைக்கிறது என்று மணாலியில் விசாரித்து, டேங்க் குறைவாக வரும்படி பார்த்துக்கொண்டு அங்கே நிரப்புங்கள்.

மஞ்சூர்வாசி எழுதியது:

எல்லோர் சொன்னபடியும் செய்தாயிற்று. விவரம் எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

டயர் நாலும் மாற்றினேன், அதே அளவு, மலைக் குறி உள்ளது. பின்சக்கரத்துக்கு 12 மி.மீ. சாய்சதுரச் செயின், வி5121 எண் போட்டது, அட்டவணையில் 265/60 ஆர்18 இருக்கிறது. முற்றத்தில் மாட்டியபோது முதல் சக்கரத்துக்கே மச்சானும் நானும் ரொம்ப நேரம் திண்டாடினோம். கேபிளைப் பின்னால் தள்ளுவதுதான் கஷ்டம், டயரின் தோளில் உள்ள பெரிய பட்டன்களில் சிக்கிக்கொள்கிறது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கையை விட்டு, மேலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளினால் இறங்குகிறது. இரவில் மாட்டியபோது வேகமாக முடிந்தது.

தெரிந்தவர் தோட்டத்து மண்பாதையில் ஓட்டி நிறுத்தினோம். எஸ்டேட் அண்ணன் சொன்னதுதான், வலது பின்சக்கரத்தில் ஒரு கை முழுக்கப் போகிற அளவு தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு ஓட்டினோம், அதற்கப்புறம் நின்றது. உள்ளே சஸ்பென்ஷன் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கும் உரசிய தடம் இல்லை.

இன்னும் ஒரே கேள்வி. சுரங்கத்துக்கு உள்ளே பனி இருக்காதே. 9 கி.மீ. சுரங்கம். இந்தப் பக்கம் சோலாங்கிலிருந்து பனி, அந்தப் பக்கம் சிஸ்ஸுவில் பனி. நடுவில் கழற்றி மாட்ட வேண்டுமா?

வெலிங்டன் பழைய டிரைவர் எழுதியது:

கழற்ற வேண்டும். 9 கி.மீ. பனி இல்லாத வெறும் ரோட்டில் ஓட்டினால் குறுக்குக் கண்ணிகள் தேய்ந்து, அந்தப் பக்கம் இறக்கத்தில் அறுந்துபோக வாய்ப்பு அதிகம். ஆனால் சுரங்க வாயிலில் நிறுத்தி வேலை பார்க்க விட மாட்டார்கள், பின்னால் வண்டி வரிசை கட்டும். எனவே தெற்கு வாயிலுக்கு முன்னால் அகலமான இடம் எங்கே, வடக்கே வெளியே வந்ததும் ஒதுங்கும் இடம் எங்கே என்று முந்தின நாளே மணாலியில் டாக்சிக்காரர்களைக் கேட்டு வையுங்கள். வடக்குப் பக்கம் வாயிலை விட்டு வெளியே வருகிற அந்தக் கொஞ்ச தூரம்தான் செயின் இல்லாமல் பனியில் போவீர்கள். உள்ளே வேகத்தோடு வந்து அங்கே மாட்டிக்கொள்ளாதபடி, சுரங்கத்தின் கடைசி ஒரு கிலோமீட்டரிலேயே வேகத்தைக் குறைத்து, வெளியே வருவதற்கு முன் 4எச்-க்கு மாறிவிடுங்கள்.

வெளியே வந்து பார்த்தால் ரோடு வெள்ளையாக இல்லாமல் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால், சார், மாட்டியும் போக வேண்டாம். ஒதுங்கி நின்று, பிஆர்ஓ (எல்லைச் சாலை அமைப்பு) ஆட்கள் மண் தூவும் வரை காத்திருங்கள். அன்றைக்குத் தூவவில்லை என்றால் அங்கேயே வண்டியைப் போட்டுவிட்டு உள்ளூர் வண்டியில் ரூமுக்குப் போங்கள். சிஸ்ஸு அங்கிருந்து கிட்டத்தில்தான்.

மஞ்சூர்வாசி எழுதியது:

சரி ஐயா. டாக்சி ஸ்டாண்டில் கேட்டுவிட்டே கிளம்புகிறோம். திரும்பி வந்ததும் செயினை எப்படிக் கழுவி வைப்பது?

எஸ்டேட் ஜீப் எழுதியது:

வெந்நீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, துணியில் எண்ணெய் நனைத்து ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்துப் பெட்டியில் போடுங்கள். ஷெட் ஆணியில் தொங்கவிடாதீர்கள், நம்மூர் ஜூன் மூடுபனிக்கு ஒரே மாதத்தில் துரு ஏறிவிடும். துடைக்கும்போதே குறுக்குக் கண்ணிகள் தரையில் படுகிற பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அந்தக் கண்ணியை மாற்றுங்கள்.